எட்டு இல்லாத கையேடு

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு டிரம் மெஷின் பராமரிப்புக் கையேடு எழுதும் வேலை வந்தது. லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அடித்தேன். தலைப்பைக் கொடுத்தால் போதும். 1, 2, 2.1 என்று எண் போடுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு பிரிவைச் செருகினாலும் மீதி எண்களெல்லாம் தானாக நகர்ந்துகொள்ளும்.

பிரிண்டைப் புரட்டிய முதலாளியின் விரல் பொருளடக்கத்தில் நின்றது.

“இன்னாப்பா, எட்டு போட்டு வெச்சிருக்கே?”

“ஏழுக்கு அப்புறம் எட்டுதானே சார்?”

“எட்டு சனி. நமக்கு ஆவாது. ஒன்பது போடு.”

சாமியில்லாத கோயில், ராஜாயில்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டலடிப்பார்கள். அந்தக் கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். காலியான அந்த இடத்துக்கு எட்டில்லாத கையேடு வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

லேடெக்ஸ் ஒவ்வொரு தலைப்புக்கும் கவுண்டரில், அதாவது தன் எண்ணிக்கைக் கணக்கில், ஒன்றைக் கூட்டித்தான் எண்ணை அச்சிடும். அடுத்த தலைப்பு ஒன்பதாக வரவேண்டுமானால், அதற்கு முந்தின வரியில் செட்கவுண்டர் என்ற கட்டளையைப் போட்டு 8 என்று வைக்க வேண்டும். எட்டை ஒழிக்க எட்டையே எழுதியாக வேண்டும்! பின்னால் நின்றிருந்தவர் பார்த்துவிட்டார்.

“இன்னாபா, மறுபடியும் எட்டா?”

அதை அழித்துவிட்டு ஸ்டெப்கவுண்டர் போட்டேன். எந்த எண்ணையும் வாயால் சொல்லாமல் கவுண்டரை ஒரு படி ஏற்றிவிடும். மரியாதை தெரிந்த கட்டளை.

அத்தோடு விட்டாரா? 2.6ஐக் கூட்டினால் எட்டாம். 1.7ம் எட்டாம். எண் எந்த மட்டம் வரை வரலாம் என்று சொல்லும் செக்நம்டெப்த்தை 1 ஆக்கி, உட்பிரிவு எண்களையே மொத்தமாகத் தூக்கினேன். எட்டாம் பக்கம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. நானும் காட்டவில்லை.

“இந்த சாஃப்ட்வேருக்கு நம்பர் இன்னா?”

லேடெக்ஸுக்கு அடியில் ஓடும் டெக் என்ற மென்பொருளின் பதிப்பெண் 3.141592653. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் பை மதிப்பில் ஓர் இலக்கத்தைச் சேர்ப்பது அதை உருவாக்கிய டொனால்ட் க்னூத்தின் வழக்கம். முதலாளி விரல்விட்டுக் கூட்டினார். 39. பிறகு 12. பிறகு 3.

“குரு! நல்ல ஆளுப்பா.”

கையேடு வேலைக்குப் போய்ச் சில நாளில் ஃபிட்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சார், ஏழுல மெஷினை நிறுத்தச் சொல்லுது. ஒன்பதுல கியர்பாக்ஸ் ஆயில் மாத்தச் சொல்லுது. நடுவுல ஒரு தாளை ஜெராக்ஸ்காரன் முழுங்கிட்டான்.”

முதலாளி கணக்கு நோட்டிலிருந்து நிமிரவே இல்லை.

“நடுவுல போய் டீ குடிச்சிட்டு வா.”