வேலைத் தேடி வந்த தம்பி

மதுரையில் திருமண அழைப்பிதழ்களும் சுவரொட்டிகளும் அடிக்கும் ஓர் அச்சகத்தில் 18 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி வருகிறேன். பிழையைக் கண்டதும் சிரிப்பு வருவது இந்தத் தொழிலில் இயல்பு. ஆனால் அந்தச் சிரிப்பை யாரோடு பகிர்வது, எப்போது விழுங்குவது என்பதை மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டேன்.

கணினியில் அச்சுக்கோக்கும் பணிக்கு விண்ணப்பம் கொண்டுவந்த இளைஞர் ஒருவர், ‘வேலைத் தேடி வந்துள்ளேன்’ என்று எழுதியிருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போக, தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நீட்டிய அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவரை உட்காரவைத்து, தாளின் ஓரத்தில் ஒரு வேல் வரைந்து காட்டினேன். ‘வேல்’ என்னும் சொல்லோடு ‘ஐ’ உருபு வெளிப்படையாகச் சேரும்போது அடுத்து வரும் வல்லினம் மிகுந்து ‘வேலைத் தேடி’ என்றாகும். பணியைத் தேடும்போது அந்த உருபு மறைந்து நிற்பதால் ஒற்று மிகாது.

“அப்ப நீங்க முருகனோட வேலைத் தேடி வந்திருக்கீங்க தம்பி, திருப்பரங்குன்றத்துக்குல்ல போயிருக்கணும்!” என்றதும் அவரும் சிரித்தார். அன்றே பணியில் சேர்ந்தார்.

ஓர் எழுத்து மாறி வேறொரு சொல் பிறந்து, அது அந்த இடத்தில் கம்பீரமாக உட்கார்ந்துகொள்ளும்போதுதான் இத்தகைய சிரிப்பு வருகிறது. ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கிணறு கிணற்றில் என்றும், வயிறு வயிற்றில் என்றும் ஆவதைக் கேட்டு வளர்ந்த காது, அதே வழியில் சுவரையும் கொண்டுபோகிறது. ‘சுவர்’ றுகரத்தில் முடியாத சொல் என்பதால் ‘சுவரில்’ என்பதே சரி. ஆயினும் அந்தப் பிழைக்குள் ஓர் இலக்கண உணர்வு இருப்பதை நான் மதிக்கிறேன். இழவு வீட்டிலிருந்து நேராக வந்த மகன் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதித் தந்தபோது, ஒரு சொல்லும் பேசாமல் ‘ற’வை ‘ர’வாக்கி அச்சுக்கு அனுப்பினேன்.

சென்ற தை மாத முகூர்த்த நெருக்கடியில் ஒரு பெண்ணின் தகப்பனார் அழைப்பிதழ் வாசகத்தைக் கைப்பட எழுதிக் கொண்டுவந்தார். அதில் ‘சுற்றமும் நட்பும் சூல வருகை தந்து’ என்றிருந்தது. நான் பேனாவை எடுப்பதற்குள் அந்தத் தம்பி முந்திக்கொண்டார். தாளின் ஓரத்தில் மூன்று முனையோடு ஒரு சூலத்தை வரைந்து, “ஐயா, சொந்தக்காரங்க எல்லாரும் இதைத் தூக்கிக்கிட்டு வந்தா மண்டபம் தாங்குமா?” என்று பணிவாகக் கேட்டார். பெரியவர் ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு தோள் துண்டு நழுவும்படி குலுங்கிச் சிரித்தார். பேனாவைத் தாமே கேட்டு வாங்கி, ‘ல’வை அடித்துவிட்டு, அதன் மேல் நிதானமாக ஒரு ‘ழ’ போட்டார்.