ஒரு பவுண்டுக்கு இரண்டு குவாச்சா

17 அக்டோபர் 2024, வியாழன்

பரணை ஒழித்ததில் அப்பாவின் தகரப்பெட்டி கிடைத்தது. மூக்குக்கண்ணாடி, ரசீதுக் கட்டு, அடியில் ஒரு சின்னக் காசு. ஒரு பக்கம் ஆப்பிரிக்காவின் சாம்பியாவுக்கு முதல் ஜனாதிபதியான கென்னத் கவுண்டா, மறுபக்கம் எறும்புதின்னி மாதிரி நீள மூக்கு மிருகம். 1968. ஒரு ங்வே, அந்த நாட்டுப் பைசா. இந்தப் பெயரை உச்சரிக்க நான் பட்ட பாடு! நம் அரிச்சுவடியில் 'ஙப்போல் வளை'யைத் தவிர சொல்லின் முதலில் அந்த எழுத்துக்கு வேலையே கிடையாது.

அடுத்த வியாழன் சாம்பியாவின் விடுதலைக்கு 60 வயது. அதுவரை தினமும் எழுதப் போகிறேன். (என் 'தினமும்' உங்களுக்குத் தெரிந்ததுதான்.)

18 அக்டோபர், வெள்ளி

1967இல் எனக்கு எட்டு வயது, நாட்டுக்கு மூன்று. அப்பா கணக்கு வாத்தியாராக ஒப்பந்தத்தில் சாம்பியாவின் சுரங்க ஊரான கப்வேக்குப் போனார். மண்ணுக்கடியில் அவ்வளவு செம்பை வைத்திருந்த தேசம், வெள்ளைக்காரன் கொடியை இறக்கியபோது அதற்கென்று இருந்த பட்டதாரிகள் நூறு பேர் சுமார். அதனால்தான் எங்கெங்கிருந்தோ வாத்தியார்களை வரவழைத்தார்கள்.

முதல் நாள் வகுப்புக்குப் போய்வந்த அப்பா அம்மாவிடம் சொன்னது: "பாதிப் பேருக்கு மீசை இருக்கு. வாடா போடான்னு எப்படிக் கூப்பிடறது?" பள்ளிக்கூடம் திறக்கக் காத்திருந்தே வளர்ந்துவிட்டவர்கள் அவர்கள்.

ஊரின் பழைய பெயர் புரோக்கன் ஹில். தாத்தா கடைசிவரை அதையே எழுதினார். கடிதம் எப்படியோ வந்துசேர்ந்தது.

20 அக்டோபர், ஞாயிறு

நேற்று எழுதவில்லை. சொன்னேனே.

1968 ஜனவரி 16. பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் போய்க் குவாச்சா வந்த நாள். ஒரு பவுண்டுக்கு இரண்டு குவாச்சா, ஒரு குவாச்சாவுக்கு 100 ங்வே. அதாவது ஒரு ஷில்லிங் பத்து ங்வே, ஆறு பென்ஸ் ஐந்து ங்வே. இதுவரை சுகம். மூன்று பென்ஸ் என்றால்? இரண்டரை. அரை ங்வேக்குக் காசே கிடையாது.

அப்பாவுக்கு இது இரண்டாவது தடவை. 1957இல் அணா போய் நயா பைசா வந்தபோது எங்கள் தெருக் கடைக்காரர்களுக்கெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொன்னவர் அவர். கப்வேயில் பாடப்புத்தகம் முழுக்கப் பழைய காசு. ராத்திரி அரிக்கேன் விளக்கில் ஒவ்வொரு கணக்காகக் குவாச்சாவுக்கு மாற்றி, காலையில் கரும்பலகையில் எழுதுவார். பக்கத்து வீட்டு அம்மா சந்தையில் நிலக்கடலை விற்பவர். வாசலில் நின்று "முலி ஷானி, முக்வாய்" என்று நலம் கேட்டுவிட்டு, அந்த இரண்டரையில் தான் இரண்டு வாங்குவதா மூன்று வாங்குவதா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா மூன்று என்றார். வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்!

அந்த அம்மாதான் எங்கள் அம்மாவுக்குக் கடலைப்பொடி போட்டுப் பூசணிக்கீரை வேகவைக்கக் கற்றுத்தந்தார். இஃபிசாஷி. அம்மாவின் வாயில் அது கீரைக்கூட்டு. வெள்ளைச் சோளமாவைக் களியாகக் கிண்டி அதோடு தின்போம்.

22 அக்டோபர், செவ்வாய்

எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் 1921இல் ஒரு மண்டையோடு கிடைத்தது. ஆதி மனிதனுடையது. லண்டனுக்குக் கொண்டுபோய், 'ரொடீசிய மனிதன்' என்று பெயர் வைத்தார்கள். செசில் ரோட்ஸ் என்ற வெள்ளைக்காரரின் பெயரால் அப்போது சாம்பியாவுக்கு வடக்கு ரொடீசியா என்று பெயர். வகுப்பில் இதைக் கேட்ட ஒரு மீசைக்காரர் எழுந்து, "அவர் செத்தபோது ரோட்ஸ் பிறந்திருந்தாரா, சார்?" என்றாராம். அப்பா இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். மண்டையோடு இன்னும் லண்டனில்தான். சாம்பியா கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சுரங்கத்தின் ஈயம் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. மூடி முப்பது வருஷமாகியும் அங்கே குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம். நாங்களும் அந்தப் புழுதியில்தான் பம்பரம் விட்டோம்.

24 அக்டோபர், வியாழன்

குவாச்சா என்றால் விடியல், ங்வே என்றால் வெளிச்சம். கூட்டங்களில் மேடையிலிருந்து "குவாச்சா!" என்பார்கள், ஜனம் "ங்வே!" என்று அலறும். நானும் கத்தியிருக்கிறேன், அர்த்தம் தெரியாமலே.

காலையில் பேத்தி காசைப் பார்த்து, "இப்போ இதுக்கு என்ன தாத்தா வாங்கலாம்?" என்றாள். 2013இல் குவாச்சாவில் மூன்று பூஜ்யத்தை வெட்டிவிட்டார்கள். செய்தித்தாள் ஓரத்தில் போட்டுக் காட்டினேன்: இந்தக் காசு மாதிரி ஒரு லட்சம் சேர்ந்தால் இன்றைக்கு ஒரு குவாச்சா.

"மிச்சம் 99,999 எங்கே?" என்று பெட்டிக்குள் தேட ஆரம்பித்திருக்கிறாள்.