பல்லைப் பிடித்துப் பார்க்காத மாடு

"தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா ஆச்சி?"

சொன்னவன் நான்தான். மாடு தானம் கொடுக்கிற விழாப் பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மைக் பக்கத்தில் இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்லப் படித்தவன், அரசாங்கச் சம்பளம் வாங்கிய கால்நடை மருத்துவன், அப்படிச் சொன்னேன்.

ஆச்சி கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பிடிகயிறு கைக்கு வந்ததும் போட்டோவுக்கு நிற்காமல் என் பக்கம் திரும்பி, "டாக்டரய்யா, வாயைத் தொறந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்கள். அவ்வளவுதான்.

பார்த்திருந்தால் அரை நிமிஷ வேலை. கடைவாய்ப் பக்கம் பல்லில்லாத இடத்தில் விரலை விட்டுக் கீழுதட்டை இறக்கினால் போதும். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழே எட்டுதான். இரண்டு வயசு வாக்கில் பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைக்கும். அப்புறம் நாலு, ஆறு என்று ஏறி, நாலரை வயசுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு எண்ணிக்கை உதவாது, தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். அஞ்சு வயசு மாட்டுக்கும் பத்து வயசு மாட்டுக்கும் எட்டுப் பல்தான். கிழட்டு மாட்டுக்கு அவை குட்டையாகி, இடைவெளி விட்டு, குச்சி குச்சியாக நிற்கும்.

சர்டிபிகேட்டில் 'வயது 5, மூன்றாம் ஈத்து' என்று நான் எழுதியிருந்தேன். ஈத்து என்றால் கன்று போடுவது. தரகர் சொன்ன கணக்கு அது. பன்னிரண்டு மாடு, ஒரே காலைப்பொழுது. நோய் இருக்கிறதா, மடி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பணம் போட்டவர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார், கெட்ட மனுஷர் இல்லை. அவர் முன்னால் மாட்டின் வாயைத் திறந்து, 'இது கிழடு' என்று வந்துவிட்டால் அடுத்த வருஷம் யாருக்கும் மாடு கிடையாது. அன்றைக்கு இவ்வளவும் யோசித்தேனா, வீட்டுக்கு வந்து சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் அலைந்தேன். வெள்ளைக்காரன் இதைக் குதிரைக்குச் சொல்கிறான். 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழிகளில் இருக்கிறது. அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால், லத்தீனில் எழுதிய புனித ஜெரோம் இதை ஊரறிந்த பழமொழி என்றே குறிப்பிடுகிறார். குதிரைக்கு வயசானால் ஈறு இறங்கிப் பல் நீண்டு சரிந்து தெரியும், அதனால் வாயைப் பார்ப்பார்கள். அங்கிருந்து மொழிபெயர்ந்து வந்ததோ என்று நானும் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் பாருங்கள், ஒரு மாட்டின் வாயை நாலு பேர் திறந்து பார்த்த பிறகுதான் துண்டுக்கடியில் விரல் விலை பேசும். மாடு விற்று வாங்குகிற ஊருக்கு இந்த வார்த்தையைக் கடல் தாண்டியா கொண்டுவர வேண்டும்?

ஆனால் எந்த ஊரானாலும் இந்தப் பழமொழி வாங்குகிறவன் வாயைத்தான் கட்டுகிறது. கொடுக்கிறவனைப் பார்த்து, 'பல் போன மாட்டைக் கொடுக்காதே' என்று சொல்லவில்லை. கடோபநிஷத்தில் ஒரு பையன் அதைச் சொல்ல வந்தான். தகப்பனார் யாகத்தில் தானமாகக் கொடுத்த பசுக்கள் தண்ணீர் குடித்து முடித்தவை, புல் தின்று முடித்தவை, பால் கறந்து முடித்தவை. நசிகேதன் பார்த்தான். "அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "எமனுக்கு" என்றார் தகப்பனார். தானத்தில் நொட்டை கண்டவனுக்குக் கிடைத்தது அது. நான் எமனுக்குப் பயந்தவன் இல்லை. ஒரு பொன்னாடைக்கும் டிபனுக்கும் பயந்திருக்கிறேன்.

சரி, அதுவும் கொஞ்சம் மிகை. மாடு சினைக்கு நின்றது, கன்றும் போட்டது. வேளைக்கு இரண்டு லிட்டர் கறந்தது என்று கேள்விப்பட்டேன். அந்த ஜாதி மாட்டுக்கு அது குறைவு. ஆனால் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விற்ற விலையில் ஆச்சி என்னத்தைப் போட்டிருக்க முடியும்? குறைவாகக் கறந்ததற்கு வயசுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

கொம்பை மட்டும் இதுவரை சொல்லாமல் விட்டேன். ஈத்துக்கு ஒரு வளையம் என்று கொம்பின் அடியில் விழும். அந்த மாட்டின் கொம்பு வழவழவென்று இருந்தது, அரம் ஓடிய வரி தெரிந்தது. அதைப் பார்த்தது ஆச்சி கேட்பதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால்தான் என்று ரொம்ப நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். சர்டிபிகேட் எழுதும்போது என் இடது கை அந்தக் கொம்பில்தான் இருந்தது.

மறுவருஷம் கோமாரித் தடுப்பூசி போட அந்தத் தெருவுக்குப் போனேன். ஆச்சி மாட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். நான் தலைமாட்டுப் பக்கம் வந்ததும், "பல்ல மட்டும் பாத்திராதீங்கய்யா, தானமா வந்தது" என்றார்கள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கேலியா, கோபமா, இல்லை உண்மையிலேயே நான் சொன்ன புத்தியைத்தான் திருப்பிச் சொன்னார்களா?

கழுத்தில் ஊசியைப் போட்டேன். குடிக்க மோர் கொடுத்தார்கள், அந்த மாட்டு மோர்தான். வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.