அரங்கம் யார் கையில்? ஐஸ் ஹாக்கி அணிகள் ஊர் மாறும் கணக்கு

2024 ஏப்ரலில் அரிசோனா கயோட்டீஸ் அணி பீனிக்ஸ் வட்டாரத்தை விட்டு சால்ட் லேக் சிட்டிக்குப் போனதும் எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான்: "பாலைவனத்துல ஐஸ் ஹாக்கி எடுபடுமா?" வெயில்தான் காரணம் என்றால் லாஸ் வேகஸ் 2023இல் லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியிருக்காது. புளோரிடாவின் இரண்டு அணிகளும் எப்போதோ மூட்டை கட்டியிருக்கும். டாம்பா 2020, 2021இலும், புளோரிடா பாந்தர்ஸ் 2024, 2025இலும் கோப்பையை வென்றார்கள். அங்கே அரங்கம் நிறைகிறது, பனிக்காலமே இல்லாத ஊரில்.

ஓர் ஊர் என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்) அணியைத் தாங்குமா என்று பார்க்க மக்கள்தொகைப் பட்டியலைத் திறந்தால் போதாது. குத்தகைப் பத்திரத்தைத் திறக்க வேண்டும். அரங்கம் எங்கே நிற்கிறது, பார்க்கிங் காசும் பீர் காசும் யார் பைக்குப் போகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ரசிகர் எத்தனை பேர் என்பது அதற்குப் பிறகுதான்.

காரணம் எளிது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் தொலைக்காட்சிப் பணத்திலேயே வாழ்ந்துவிடும். ஐஸ் ஹாக்கிக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களான ஈஎஸ்பிஎன், டர்னர் இரண்டும் சேர்ந்து என்ஹெச்எல்லுக்குக் கொடுப்பது ஆண்டுக்குச் சுமார் 62.5 கோடி டாலர். 32 அணிகளுக்குப் பங்கு போட்டால் தலைக்கு இரண்டு கோடிகூட வராது. செலவைப் பாருங்கள்: 2025-26 சீசனில் ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 9.55 கோடி டாலர், கொடுத்தே ஆகவேண்டிய கீழ்வரம்பு 7.06 கோடி. எவ்வளவு ஏழை அணியானாலும் கீழ்வரம்புக்குக் கீழே போக முடியாது. கனடாவில் ஒளிபரப்புக்காக ரோஜர்ஸ் நிறுவனம் தரும் தொகையையும் லீக்கின் மற்றப் பொது வருமானத்தையும் சேர்த்தாலும், பெரும்பகுதியை அந்தந்த ஊரிலேயே சம்பாதிக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். சொந்த ஊரில் 41 ஆட்டம். ஆட்டத்துக்குக் காசு கொடுத்து 15,000 பேர் வருகிறார்கள், சராசரி டிக்கெட் 75 டாலர் என்று வைத்துக்கொண்டால் 4.61 கோடி டாலர் வரும். கீழ்வரம்புச் சம்பளத்துக்கே இன்னும் இரண்டரை கோடி குறைகிறது. பயிற்சியாளர்கள், விமானம், ஓட்டல், அரங்க வாடகை எல்லாம் அதற்கு மேல். அந்தப் பள்ளத்தை நிரப்புவது கம்பெனிகள் ஆண்டுக் கணக்கில் எடுக்கும் தனி அறைகள், விளம்பரப் பலகைகள், அரங்கத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை, உணவு, பார்க்கிங், உள்ளூர்த் தொலைக்காட்சி. இவற்றில் பாதியை அரங்க உரிமையாளர் எடுத்துக்கொண்டால் அணி எந்த ஊரில் இருந்தாலும் மூழ்கும்.

சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள் பற்றியும் சொல்ல வேண்டும். வீரர்களின் சம்பளம் வழக்கமான சீசனோடு முடிந்துவிடுகிறது. பிளேஆஃபில் லீக் தரும் பரிசுத்தொகைதான் அவர்களுக்கு. அதனால் அங்கே சொந்த ஊரில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தின் டிக்கெட் பணமும் ஏறக்குறைய லாபம். ஆண்டுக்கணக்காகத் தோற்கும் அணிக்கு டிக்கெட் காசு குறைகிறது என்பதோடு நிற்பதில்லை. லாபம் வரும் அந்த ஒரே ஜன்னலும் மூடிவிடுகிறது.

'வருகை' என்று அணி அறிவிக்கும் எண்ணிக்கையை நம்பிவிடக் கூடாது. அதில் இலவச டிக்கெட்டும் ஸ்பான்சருக்குக் கொடுத்ததும் கலந்திருக்கும். வணிகம் தெரிந்தவர்கள் கேட்பது காசு கொடுத்தவர்களின் எண்ணிக்கையை. நாஷ்வில் அணியின் குத்தகையில் இது நேரடியாகவே எழுதப்பட்டிருந்தது: காசு கொடுத்து வருவோர் சராசரி 14,000க்குக் கீழே இறங்கினால் அணி குத்தகையை முறித்து வெளியேறலாம். 2007இல் பிளாக்பெரி புகழ் ஜிம் பால்சிலி அந்த அணியை வாங்கப் பேச்சு நடத்தினார். விற்பனை முடியும் முன்பே கனடாவின் ஹாமில்டனில் சீசன் டிக்கெட்டுக்கு முன்பணம் வாங்க ஆரம்பித்தார். நாஷ்வில் மக்களும் கம்பெனிகளும் அந்த 14,000 என்ற எண்ணையே இலக்காக வைத்து டிக்கெட் வாங்கினார்கள். கடைசியில் உள்ளூர்க்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து, பால்சிலி சொன்னதைவிடக் குறைவான 19.3 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள். இன்று நாஷ்வில் தாங்காத ஊர் என்று யாரும் சொல்வதில்லை.

இனி பீனிக்ஸ். இதை மெதுவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் செய்யக்கூடாத எல்லாமே இங்கே வரிசையாக நடந்தன.

1996இல் வின்னிபெக் ஜெட்ஸ் அணி பீனிக்ஸுக்கு வந்தபோது, நகர மையத்தில் கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கத்தில் குடியேறியது. கூடைப்பந்து ஆடுகளம் 94 அடி நீளம், 50 அடி அகலம். ஐஸ் ஹாக்கிக்கு 200 அடி நீளம், 85 அடி அகலம் வேண்டும். கூடைப்பந்துக்கு நெருக்கமாகச் சரித்து வைத்த இருக்கைகளை ஒரு முனையில் மடக்கி உள்ளே தள்ளினால்தான் ஐஸ் பரப்பு அடங்கும். அப்படித் தள்ளியதும் அந்த முனையின் கோல்வலைக்கு மேலே மாடி இருக்கைகள் துருத்திக்கொண்டு நிற்கும். மாடியில் இருப்பவருக்கு எதிர்முனைக் கோல் தெரியும், தன் காலடியில் இருக்கும் கோல் தெரியாது. பந்துக்குப் பதிலாக ஓடும் அந்தப் பக் வட்டு வலைக்குள் போனதா என்பதை மற்றவர்களின் கூச்சலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இருக்கைகள் ஆயிரக்கணக்கில். அவற்றை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? வாடகைக்காரர் என்பதால் மற்ற வருமானத்திலும் அணிக்குப் பெரிய பங்கில்லை.

அதிலிருந்து தப்பிக்க 2003 டிசம்பரில் பீனிக்ஸின் புறநகரான கிளெண்டேலில் நகராட்சி கட்டிய புது அரங்கத்துக்குப் போனார்கள். பார்வைக்கோணம் அருமை. இடம்தான் தவறு. சீசன் டிக்கெட் வாங்கும் வசதியுள்ளவர்களும் கம்பெனிகளும் கிழக்கே ஸ்காட்ஸ்டேல் பக்கம், அரங்கமோ மேற்கே. ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வேலைநாள் மாலை ஏழு மணி ஆட்டத்துக்கு அலுவலகம் விடும் நேர நெரிசலில் வண்டி ஓட்ட வேண்டும். சனிக்கிழமை ஒரு தடவை வருவார்கள். 41 தடவை வரமாட்டார்கள்.

2009 மே மாதம் அணி திவால் மனு போட்டது. பால்சிலி மறுபடி வந்து, ஹாமில்டனுக்குக் கொண்டுபோக 21.25 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். நீதிமன்றம் மறுத்தது, லீக்கே 14 கோடிக்கு அணியை வாங்கியது. பிறகு இரண்டு சீசன்களுக்கு, அரங்கப் பராமரிப்பு என்ற கணக்கில், கிளெண்டேல் நகராட்சி ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் லீக்குக்குக் கொடுத்தது. 2013இல் புது உரிமையாளர்களுக்கு ஆண்டுக்கு 1.5 கோடி என்று ஒப்பந்தம், 2015இல் நகரமன்றம் அதை ரத்து செய்தது. 2021இல் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. வரிப்பணத்தில் ஓடும் அணியின் ஆயுள் அடுத்த நகரமன்றத் தேர்தல் வரைதான்.

அணி இன்னொரு புறநகரான டெம்பியில் இருக்கும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் முல்லெட் அரங்கத்துக்குப் போனது. என்ஹெச்எல் ஆட்டத்துக்குச் சுமார் 4,600 இருக்கை. மேலே போட்ட கணக்கில் 15,000க்குப் பதில் 4,600ஐ வைத்துப் பாருங்கள், டிக்கெட்டை இரட்டை விலைக்கு விற்றாலும் 2.83 கோடிதான் வரும். பழைய குப்பைமேட்டு நிலத்தில் 210 கோடி டாலர் திட்டம் ஒன்றை 2023 மே மாதம் டெம்பி மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். அத்தோடு கதை முடிந்தது.

இதே ஊர்தான் ஆஸ்டன் மேத்யூஸை வளர்த்தது. ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்து, அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2016இல் முதல் ஆளாக டொரன்டோவுக்குப் போன பையன். ஆர்வம் இல்லாத ஊர் இப்படி ஒருவரை உருவாக்காது. அந்த ஊர் ரசிகர்களுக்கு நடந்தது அநியாயம்.

சால்ட் லேக் சிட்டியில் என்ன வேறுபாடு? அங்கே அணி ஆடும் டெல்டா சென்டர் அரங்கமும் 1991இல் கூடைப்பந்துக்காகக் கட்டியதுதான். அதே ஒற்றைக்கோல் இருக்கைப் பிரச்சினை. முதல் சீசனில் இரண்டு கோலும் தெரியும் இருக்கைகள் 11,131 மட்டுமே. ஆனால் 120 கோடி டாலர் கொடுத்து ஹாக்கி அணியை எடுத்த ரயன் ஸ்மித்திடம்தான் கூடைப்பந்து அணியும் அரங்கமும் இருக்கின்றன. பார்க்கிங், உணவு, தனி அறை எல்லாம் ஒரே பை. தனி அறை எடுக்கும் கம்பெனிக்கு இரண்டு விளையாட்டையும் சேர்த்து விற்கலாம். அரங்கமும் நகர மையத்தில். இருக்கைகளை மாற்றிக் கட்டவும், சுற்றுப்புறத்தை வளர்க்கவும் விற்பனை வரியை 0.5 சதவீதப் புள்ளி உயர்த்தி 90 கோடி டாலர் வரை தர நகரமன்றம் ஒப்புக்கொண்டது. பீனிக்ஸில் 1996இல் தோற்ற அதே கட்டட வகை இங்கே பிழைக்கிறது.

அட்லாண்டா இதற்கு நேர்மாறு. திராஷர்ஸ் ஹாக்கி அணியும் கூடைப்பந்து அணியும் அரங்க உரிமையும் ஒரே குழுவிடம் இருந்தன. ஆனால் பங்காளிகளுக்குள் வருடக்கணக்கில் வழக்கு. ஹாக்கி அணியை மட்டும் தனியே விற்க வந்தபோது, அரங்கம் இல்லாத அணியை உள்ளூரில் வாங்க ஆள் கிடைக்கவில்லை. அணி 11 சீசனில் ஒரே ஒரு தடவை பிளேஆஃப் போனது. 2011இல் வின்னிபெக் வாங்கிக்கொண்டது. இப்போது மறுபடி அணி கேட்பவர்கள் காட்டும் இடங்கள் வடக்குப் புறநகர்களான ஃபோர்சைத், ஆல்ஃபரெட்டா. டிக்கெட் வாங்குபவர்கள் குடியிருக்கும் பக்கமே அரங்கம் கட்டுவது சரியான யோசனை.

வின்னிபெக்கில் 13,000 சீசன் டிக்கெட் விற்றுத் தீர்ந்தபோது, சின்ன ஊர் ஜெயித்துவிட்டது என்று கொண்டாடினார்கள். நகர மக்கள்தொகை ஏழரை லட்சம். 2023-24இல் அந்த 13,000 சுமார் 9,500 ஆனது. இப்படிப்பட்ட ஊர்களில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தனிநபர்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு ஜோடி டிக்கெட் எடுத்து ஆட்டங்களைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் விலகினால் மற்ற மூவரும் சுமக்க முடியாமல் விடுவார்கள். கம்பெனி வாங்கியிருந்தால் ஆள் மாறினாலும் டிக்கெட் தொடரும். அதோடு வருமானம் கனடிய டாலரில், சம்பளம் அமெரிக்க டாலரில். கனடிய டாலர் 72 செண்ட் என்றால் 9.55 கோடி உச்சவரம்பு அங்கே 13.26 கோடியாகிறது. 1995இல் கியூபெக் அணியும் 1996இல் பழைய ஜெட்ஸும் ஊரை விட்டுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கியூபெக் நகரம் 2015இல் 18,000 பேர் அமரும் அரங்கத்தைத் திறந்து காத்திருக்கிறது. அரங்கம் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, கம்பெனிப் பணம்தான் சிறிது.

இன்னொரு அணியைக் கண்ணை மூடிக்கொண்டு தாங்கக்கூடிய இடம் தென் ஒன்டாரியோ. அங்கே தடை லீக்கின் எல்லை விதி: ஒவ்வோர் அணிக்கும் சொந்த நகரைச் சுற்றி 50 மைல் அதற்கே உரிய வட்டம். ஹாமில்டன் டொரன்டோவின் வட்டத்துக்குள் வருகிறது. நம்மவர்கள் நிறைந்த மார்க்கம் நகரமும் அப்படித்தான். அங்கே அணி எதுவும் உறுதியாகாமலே 20,000 இருக்கை அரங்கம் ஒன்றைக் கட்ட 32.5 கோடி கனடிய டாலர் கடனுக்கு நகராட்சி பொறுப்பேற்கும் திட்டம் இருந்தது. 2013 டிசம்பரில் நகரமன்றம் அதைக் கைவிட்டது. சரியாகவே செய்தார்கள். அணி வராமல் போயிருந்தால் அந்தக் கடன் வீட்டு வரியில்தான் வந்து விழுந்திருக்கும்.