கூந்தன்குளத்து வானில் ஒரு பொரி வல்லூறு

தை மாதக் காலை ஒன்றில், நாங்குநேரி அருகே கூந்தன்குளத்தின் கரையில் நின்று வரித்தலை வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, கிளுவைகள் எனும் சிறு வாத்துகள் அனைத்தும் ஒரே நொடியில் எழும்பிச் சிதறின. அண்ணாந்து பார்த்தேன், மிக உயரத்தில் கூரிய சிறகுகளோடு ஒரு பொரி வல்லூறு வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

சிறகுகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு கீழ்நோக்கிப் பாயும்போது இதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். காலால் அறைந்த அடியில் இரை சாகாவிட்டால், மேலலகின் ஓரத்தில் பல்போல் நீண்டிருக்கும் முனையால் அதன் கழுத்தெலும்பை முறித்துவிடும். ஆணைவிடப் பெண்ணே பெரியது. பருந்துக்கு உறவு என்றே நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். மரபணு ஆய்வுகளோ வல்லூறுகளைக் கிளிகளுக்கு நெருக்கமாக வைக்கின்றன.

குளிர்காலத்தில் இங்கு வருபவை வட ஆசியத் தூந்திரம் எனும் மரமற்ற குளிர்நிலத்தில் இனம் பெருக்குபவை. தென்னாட்டு மலைப்பாறைகளிலேயே தங்கிவிடும் ஷாஹீன் கிளையினம் வேறு. அதற்கு மேலே கருமை, வயிற்றில் செம்பழுப்பு. இரண்டுமே சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டைகள் இடும். அந்த முட்டைகளின் ஓடுகள்தாம் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி மருந்தால் மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கின. 1960களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இந்த இனமே அற்றுப்போனது. அங்கு 1972இல் அம்மருந்தின் பயன்பாடு பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது.

கூந்தன்குளத்து வல்லூறு இருமுறை பாய்ந்தும் இரை சிக்காமல், மேற்கே மலைப்பக்கம் போய்விட்டது. கிளுவைகள் நீரில் இறங்க வெகுநேரமாயிற்று.