கழுவாத வெள்ளி

இலைச்சாற்றால் வெள்ளி நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய வெள்ளித் துகள், செய்யும் லேபில் சேர்ந்த புதிதில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோன ஒரு நாள், குழாய்த் தண்ணீர்தானே என்று அதிலேயே சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பைக் கரைத்தேன். கரைசல் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. தண்ணீரில் இருக்கிற குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொண்டதாம். நல்ல திட்டு கிடைத்தது.

மறுநாள் ஒழுங்காகச் செய்தேன். 10 கிராம் வேப்பிலையை 100 மில்லி நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாறு 10 மில்லியை 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 90 மில்லியில் ஊற்றிவிட்டுக் குடுவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிர் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக டிகாஷன் நிறத்துக்கு வந்தது. இலையின் பாலிஃபீனால்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்குகின்றன, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே போர்வையாகவும் படிகின்றன. நிறமாலைமானியில் 430 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு, வெள்ளி நானோ துகள் உருவானதற்கு அடையாளம். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம், துகள் செல்லைக் கெடுக்கிறதா என்று சோதிக்க வெங்காயம். அடிப்பாகம் நீரில் படும்படி வைத்து, வேர் விட்டதும் துகள் கலந்த நீருக்கு மாற்றி, வேர் நுனியை அசிட்டோகார்மினில் சாயமேற்றி ஸ்லைடில் நசுக்கிப் பார்ப்போம். பிரியும் செல்லில் 16 குரோமோசோம்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ ஒட்டிப்போன கட்டிகள், இரு முனைக்கும் நடுவே இழுபட்ட பாலங்கள். வேர் நுனியே பழுப்பேறி நின்றுவிட்டது. நானோ துகளின் வேலைதான் என்று மூன்று மாதம் எண்ணி எண்ணி எழுதினேன்.

ஒரு நாள், வேகமாகச் சுழற்றித் துகளை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய பிறகு மேலே நின்ற தெளிந்த நீரில் சும்மா ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டேன். அதே மோர். வினைபுரியாத வெள்ளி அயனி அதில் அப்படியே கிடந்திருக்கிறது, நான் துகளைக் கழுவவே இல்லை! வேரைக் கெடுத்தது துகளா, அந்த அயனியா என்று எப்படிச் சொல்வது? வெறும் இலைச்சாறு, வெறும் சில்வர் நைட்ரேட் என்று தனித்தனியாக ஒப்பீடும் வைக்கவில்லை.

மூன்று முறை கழுவி மறுபடி செய்தபோது வேர் ஓரளவு வளர்ந்தது. ஆனால் அளவைக் கூட்டினால் ஒட்டல் திரும்பவும் வந்தது, ஏனென்றால் துகளும் நீரில் மெல்லக் கரைந்து அயனியை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இலையில் செய்தோம் என்பதற்காக 'பசுமை' என்று கூச்சமில்லாமல் எழுதுகிறோமே, வெங்காயத்துக்கு அது தெரியவா போகிறது?

அந்தப் பழைய ஸ்லைடு பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லை. 'கழுவாதது' என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.