தென்னை ஓலையின் அடிப்பக்கம்: மேக்ரோ பழகிய குறிப்புகள்

எங்கள் தோட்டம் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் பக்கம். பூவும் பட்டாம்பூச்சியும் எடுக்கலாம் என்றுதான் மேக்ரோ, அதாவது சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் படம் எடுப்பது, பழக ஆரம்பித்தேன். இப்போது கார்டில் பாதிக்கு மேல் தென்னை ஓலையின் அடிப்பக்கம்தான் இருக்கிறது. காரணம் சுருள் வெள்ளை ஈ. தென்னை வைத்திருக்கும் யாருக்கும் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானதே எங்கள் பொள்ளாச்சியில்தான், 2016-ல். ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக மெழுகு பூசி முட்டை வைக்கும். அதன் இனிப்பான கழிவு கீழ் ஓலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே புகை படிந்த மாதிரி ஆகிவிடும். வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் பொடியாகத் தெரிகிற அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

என்னிடம் இருப்பது பழைய கேனன் கிராப் சென்சார் (சற்றுச் சின்ன சென்சார்) பாடி, 55-250 லென்ஸ், அதன் முன்னால் கவ்விக்கொள்ளும் ரேய்னாக்ஸ் டிசிஆர்-250 என்கிற உருப்பெருக்கும் கண்ணாடி. தனி மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று யாருக்கும் தயங்காமல் சொல்வேன். அது 8 டயாப்டர், அதாவது குவியத்தூரம் 125 மில்லிமீட்டர். பின்னால் இருக்கும் லென்ஸை 250-ல் வைத்து இன்ஃபினிட்டிக்கு ஃபோகஸ் செய்தால், 250-ஐ 125-ஆல் வகுக்க, இரண்டு மடங்கு உருப்பெருக்கம். சென்சாரின் அகலம் 22 மில்லிமீட்டர் சொச்சம். ஆக, படத்தில் அடங்குவது 11 மில்லிமீட்டர் அகல ஓலை மட்டுமே. அப்பர்ச்சர் எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது.

ஆடி

காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காத்துதான் எங்கள் தோப்பிலும். ஓலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே பூச்சி சட்டத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் பத்தாது. இதற்கு விடை ஃபிளாஷ். மேனுவலில் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200 வைத்தால், ஓலை அடியின் நிழலில் பகலிலேயே ஃபிளாஷ் இல்லாத படம் கிட்டத்தட்டக் கருப்பாகத்தான் வரும். அப்படி வருவதுதான் நமக்கு வேண்டியது. பூச்சியைப் பதிவு செய்வது ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும். சக்தியைக் குறைத்து வைத்தால் அது எரிகிற நேரம் நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அசைவு உறைந்துவிடும்.

ஆனால் வெறும் ஃபிளாஷ் மெழுகின் மேல் பட்டால் வெள்ளையெல்லாம் ஒரே திட்டாக வெளிறிவிடும், மெழுகு நூல் ஒன்றுகூடத் தெரியாது. ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசருக்குப் பேப்பர், தெர்மாகோல், பால் கவர் எல்லாம் வைத்துப் பார்த்ததில் எனக்கு நின்றது திருப்பூர் பனியன் துணி. அக்கா வீட்டுக்காரர் யூனிட்டில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். வெள்ளைத் துணியாகப் பொறுக்கி, இரண்டு மடிப்பாகக் கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, லென்ஸ் முனைக்கு மேலே குடையாக நீட்டினேன். ஒளி வரும் பரப்பு பூச்சியைவிட எத்தனையோ மடங்கு பெரிதாகவும், அதற்கு வெகு அருகிலும் இருந்தால் நிழல் மென்மையாகும். துணி இரண்டு மடிப்பானதால் ஃபிளாஷ் சக்தியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. மெழுகு நூல்கள் தனித்தனியாகப் பிரிந்து வந்த முதல் படத்தை வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி

மழை. கீற்றைக் கிள்ளி வந்து திண்ணையில் பலகை போட்டு, துணிக் கிளிப்பில் கவ்வவைத்து எடுத்தேன். வெள்ளை ஈயின் குஞ்சு முதல் பருவத்தில் மட்டும்தான் நடக்கும். அப்புறம் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். அசையாத பொருள் கிடைத்தால் ஸ்டாக்கிங் செய்யலாம். ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி வரிசையாக எடுத்து, கம்ப்யூட்டரில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் சேர்ப்பது.

இப்படி அடுக்க, ஹக்கின் மென்பொருளோடு வரும் என்ஃபியூஸ் இலவசம். தொடங்க அது போதும். பிறகு ஜெரீன் ஸ்டேக்கர் என்கிற மென்பொருளுக்கு மாறினேன். அதில் பிமேக்ஸ், டிமேப் என இரண்டு முறை. பிமேக்ஸ் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் மெழுகு நூல்களைக் குழப்பாமல் பிரித்துத் தரும். ஆனால் நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப் பொரிவு) கான்ட்ராஸ்டும் ஏறும், வெள்ளை வெடிக்கும். டிமேப் ஓலையின் பச்சையையும் வழவழப்பையும் உள்ளபடி வைத்திருக்கும். நூல் ஓரங்களில் மட்டும் ஒளிவட்டம் போடும். ஓலைக்கு டிமேப், நூல்களுக்கு பிமேக்ஸ் என்று ரீடச் பிரஷால் இரண்டையும் கலந்ததுதான் எனக்குத் திருப்தி.

சென்சார் தூசியை அடுக்குவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். அடுக்கும்போது ஒவ்வொரு படமும் சற்றே அளவு மாறிப் பொருந்துவதால், ஒரு புள்ளித் தூசி நீண்ட கோடாக இழுபடும்.

இந்தப் படங்களில்தான் அந்த ஓட்டைகளைப் பார்த்தேன். வெள்ளை ஈ கூட்டுப்புழுவிலிருந்து வெளியேறும்போது தோல் ஆங்கில T எழுத்து வடிவில் கிழியும். என்கார்சியா என்கிற ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியே வந்திருந்தால், கடித்துத் துளைத்த வட்ட ஓட்டை இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி அது. எங்கள் கீற்றில் கிழிசலைவிட வட்டங்களே அதிகம்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா அன்றைக்கு வந்திருந்தார். "ஏனம்மிணி, மருந்தடிக்கோணுமா வேண்டாமா, அதச் சொல்லு மொதல்ல."

"இந்த ஓட்டையப் பாருங்க பெரியப்பா. ரவுண்டா இருக்குதுங்களா? இதுல இருந்து வந்தது வெள்ளை ஈ இல்லீங்க, அதத் தின்ன குளவிங்க. மருந்தடிச்சா அதுவும் செத்துப்போகுமுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேப்டாப் திரையில் விரலை வைத்து வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். இதற்குப் பிறகு எடிட்டிங்கில் என் கவனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு மனிதர் இதைப் பார்த்து மருந்துச் செலவை முடிவு செய்கிறார் என்றால், ஓட்டையின் விளிம்பு உண்மையாக இருக்க வேண்டும். ஷார்ப்பனிங்கை அளவுக்கு மேல் இழுத்தால் கிழிசலின் ஓரம்கூட வட்டம் போலத் தெரியக்கூடும்.

இப்போது டார்க்டேபிள் என்கிற எடிட்டிங் மென்பொருளில் என் வரிசை இது: ரா கோப்பில் முதலில் நாய்ஸ் குறைப்பு. அடுத்து, சாம்பல் அட்டையை வைத்து எடுத்த படத்திலிருந்து வெள்ளைச் சமநிலை. டிஃப்யூசர் துணி மாறினால் நிறமும் மாறுவதால் ஒவ்வொரு முறையும் அட்டை உண்டு. பிறகு எக்ஸ்போஷரைக் குறைத்து, மெழுகின் வெள்ளை எங்கேயும் வெட்டுப்படவில்லை என்று எச்சரிக்கை நிறத்தை வைத்துப் பார்ப்பேன். ஷார்ப்பனிங் கடைசியில், மாஸ்க் போட்டு, கொஞ்சமாக. கரும்பூசணப் புள்ளிகளை அழிப்பதில்லை. அழகுக்கு இடைஞ்சல்தான், ஆனாலும் அது ஓலையில் இருந்தது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி மட்டும் சென்சார் தூசி, அது போகலாம்.

மார்கழி

வெடியால காத்தே இல்லை, ஓலையெல்லாம் பனி. பூச்சிகள் குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும், ட்ரைபாட் வைத்து இயற்கை வெளிச்சத்திலேயே எடுக்கலாம். சுருள்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பஞ்சு உருண்டை மெல்ல நகர்ந்தது. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. தின்ற இடத்து மெழுகையும் குப்பையையும் முதுகில் சுமந்துகொண்டு திரியும், எதிரி கண்ணில் படாமல் இருக்க. மெழுகுக்கு அடியில் அரிவாள் மாதிரி இரண்டு தாடைகள் மட்டும் தெளிவாக விழுந்த படம் இதுவரை எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது. அதில் எடிட் என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, எக்ஸ்போஷர் மட்டும்.

பெரியப்பா மருந்து அடிக்கவில்லை. கரும்பூசணத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறபடி லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்தார்; காய்ந்து உரியும்போது பூசணத்தையும் சேர்த்து உரிக்கிறது. அந்த ஓலைகளையும் முன்னும் பின்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது என்கார்சியாவை உயிரோடு எடுப்பது. அதற்கு இரண்டு மடங்கு பத்தாது. 4 மடங்கு மைக்ராஸ்கோப் ஆப்ஜெக்டிவ் ஒன்றை, இன்ஃபினிட்டி வகையாக (பின்னால் ஒரு லென்ஸ் இருந்தால்தான் உருவம் விழும் வகை) பார்த்து வாங்கி, இதே லென்ஸை 200-ல் வைத்து முன்னால் பொருத்த வேண்டும். சட்டத்தின் அகலம் ஐந்தரை மில்லிமீட்டராகச் சுருங்கும். பொருத்தும் வளையத்துக்குக் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறேன்.